தொப்பியும் கடிதமும்



பதினைந்து, பதினாறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓர் ஊமைப் படத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். படம் பெரிதல்ல, உங்களில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதைப் பார்த்த விதந்தான் என்னை இரண்டு கிழமையாக நித்திரை கொள்ள விடவில்லை.

கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அது நடந்தது. பேரப்பிள்ளை தன் கைத்தொலைபேசியில் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பப்பா, சத்தமே இல்லாத படம், பாருங்க" என்று என்னை அழைத்தான். 'நியூயோர்க் தொப்பி' என்ற 1912ஆம் ஆண்டுப் படம். அமெரிக்காவில் பயோகிராப் கம்பனிக்காக டி. டபிள்யூ. கிரிபித் எடுத்தது. கதையை எழுதியவர் அனிதா லூஸ் என்ற பெண்மணி. நாயகி மேரி பிக்போர்ட். 1892இல் பிறந்தவர், நமது காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் அதே வருடந்தான் என்று பேரனுக்குச் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், தபாற் கந்தோரில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், வழக்கம்போல் அஸர் தொழுகை முடித்துத் தேநீருக்கு வந்தார். நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். படம் தொடங்கி இரண்டொரு நிமிடம் கழிந்த பிறகுதான் அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த இரண்டு நிமிடத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இது. ஒரு கிராமத்தில் ஏழைத் தாய் ஒருத்தி மரணப் படுக்கையில் கிடக்கிறாள். கணவன் கடுமையானவன், கஞ்சன். தன் மகளுக்கு நல்ல உடுப்பு ஒன்றுகூட வாங்கிக் கொடுக்க முடியாமற் போனதே என்ற ஏக்கத்தோடு, தான் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை ஒரு கடிதத்தோடு ஊர்ப் போதகரிடம் கொடுத்து, மகள் ஆசைப்படும் அழகான பொருளை அவ்வப்போது வாங்கிக் கொடுக்கும்படியும், இதை இரகசியமாக வைத்திருக்கும்படியும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறாள்.

சில காலம் போகிறது. ஊர்க் கடையின் கண்ணாடிக்குள் நியூயோர்க்கிலிருந்து வந்த தொப்பி ஒன்று வைக்கப்படுகிறது. அந்தப் பெண் அதைப் பார்த்துப் பார்த்து நிற்கிறாள். போதகர் அவளைக் காண்கிறார். கடைக்குள் போய் அதை வாங்கி அவளுக்கு அனுப்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் அதை அணிந்து கோவிலுக்கு வருகிறாள். அவ்வளவுதான். ஊர் வாய் திறந்துவிடுகிறது. மனைவியில்லாத இளம் போதகர் ஒரு குமர்ப்பிள்ளைக்கு விலையுயர்ந்த தொப்பி வாங்கிக் கொடுப்பானேன்? தகப்பன் ஆத்திரத்தில் தொப்பியைப் பிய்த்தெறிகிறான். சபை மூப்பர்கள் கூட்டமாகப் போய்ப் போதகரிடம் கேட்கிறார்கள். அவர் தாயின் கடிதத்தை எடுத்து நீட்டுகிறார். ஊர் வாயடைத்துப் போகிறது.

இனி எங்கள் விறாந்தைக்கு வருவோம். காக்கா உட்கார்ந்தபோது தாய் இறந்து முடிந்தாயிற்று. கடிதத்தை அவர் காணவில்லை. போதகர் கடைக்குள் நுழைந்து தொப்பி வாங்கியதும் காக்கா நாக்கைச் 'சூ' கொட்டினார். "மாஸ்டர், இது சரியான வேலையில்ல. குமர்ப்பிள்ளைக்கு இவரென்ன தொப்பி வாங்கிக் குடுக்கிற?" என்றார். எனக்கும் பேரனுக்கும் சிரிப்பு. நாங்கள்தான் கடிதத்தைப் பார்த்தவர்களாயிற்றே! ஒரே படம், ஒரே திரை, ஒரே முகங்கள். எங்களுக்குப் போதகர் உத்தமர். காக்காவுக்கு அவர் ஒரு கள்ளன்.

முடிவில் கடிதம் வெளியே வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பேரன் படத்தை முன்னுக்கு இழுத்து, அவர் தவறவிட்ட பகுதியைப் போட்டுக் காட்டினான். "நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கடிதம் குடுத்த எனக்கு இந்த ஒரு கடிதம் வந்து சேரல்ல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே, "மாஸ்டர், மனிசன்ட நிய்யத்து படத்தில விழாது" என்றார்.

நிய்யத்து என்றால் எண்ணம், உள்நோக்கம். இந்தக் கரையில் முஸ்லிம் அயலவரோடு வாழும் நம்மவருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. செய்கையின் பெறுமதி நிய்யத்தைப் பொறுத்தது என்பார்கள். நமது ஞானோபதேசமும் செய்கையோடு நோக்கத்தையும் சேர்த்தே நிறுக்கிறது. ஆனால் நோக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லையே! தெருவில் நாம் காண்பது கை, கால், பொட்டலம், வாசற்படி, நேரம். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பற்றி எதையாவது சொல்ல நமக்கு உரிமை உண்டா? நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி இதுதான்.

இந்தப் பழைய படங்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். ஏனென்றால் குடும்பத்துக்கும் படத்துக்கும் உள்ள உறவு படம் பிறந்த நாளிலேயே தொடங்கியது. 1895 டிசெம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். அவர்கள் எடுத்த ஆரம்பப் படங்களில் ஒன்றில் ஒகுஸ்த் லூமியேர் தன் கைக்குழந்தைக்கு உணவூட்டுகிறார். பக்கத்தில் மனைவி கோப்பி கலக்குகிறாள். ஒரு நிமிடமும் ஓடாது. கதையில்லை, நீதியில்லை. தகப்பன், தாய், பிள்ளை. பின்னால் காற்றில் அசையும் இலைகள். அந்தக் குழந்தை அந்திரே வளர்ந்து 1918இல் இளம் வயதிலேயே இறந்துபோனாள். அந்தப் படத்தில் மட்டும் இன்றும் சோறு தின்றுகொண்டிருக்கிறாள். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரும் 1898இல், தமது 88ஆவது வயதில், படமெடுக்கும் கருவிக்கு முன்னால் வந்து ஆசீர்வதித்திருக்கிறார்.

தமிழர் மத்தியில் படத்தைக் கூடாரத்தோடு தூக்கிக்கொண்டு ஊரூராகப் போனவர் கோயம்புத்தூர்க் கத்தோலிக்கரான சாமிக்கண்ணு வின்சென்ற். திருச்சியில் புகையிரதக் கம்பனி ஊழியராக இருந்தவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். அவர் காட்டிய படங்களில் இயேசுவின் சரித்திரமும் ஒன்று. பம்பாயில் அதே போன்றதொரு கிறிஸ்துவின் படத்தைப் பார்த்துத்தான் தாதாசாகேப் பால்கே தாமும் ஒன்று எடுக்க வேண்டுமென்று தீர்மானித்தார். 1913இல் அவர் வெளியிட்டது 'ராஜா ஹரிச்சந்திரா': வாக்குக்காக மனைவியையும் மகனையும் இழக்கும் ஒரு தகப்பனின் கதை. நமது நாட்டில் 1925இல் நூர்பாய் என்ற முஸ்லிம் வர்த்தகர் தயாரித்த 'ராஜகீய விக்ரமய' என்ற ஊமைப் படம் சிங்கப்பூரில் காட்டப்பட்டு, இங்கே வந்து திரைக்கு ஏறுமுன் தீயில் அழிந்தது.

ஒரு சுருள், ஏறத்தாழ ஆயிரம் அடி, பத்துப் பதினைந்து நிமிடம். இந்த அளவுக்குள் அன்று குடும்பக் கதைகளை அடக்கினார்கள். கிரிபித் 1909இல் எடுத்த 'ஒரு குடிகாரனின் திருந்துதல்' என்ற படத்தில் ஒரு தகப்பன் தன் சிறு மகளை நாடகத்துக்குக் கூட்டிப்போகிறான். மேடையில் ஒரு குடிகாரன் குடும்பத்தைச் சீரழிக்கிறான். படம் மேடையை ஒருமுறையும் தகப்பனின் முகத்தை ஒருமுறையும் மாறி மாறிக் காட்டுகிறது. தன்னையே மேடையில் கண்டுகொண்ட அவன் வீடு திரும்பிக் குடியை விடுகிறான்; கடைசியில் மூவரும் நெருப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நான் முழுதாக நம்பவில்லை. குடியை விடுவது அவ்வளவு இலேசானதென்றால் நம் ஊர்களில் பாதி வீடுகள் எப்போதோ சுகப்பட்டிருக்கும். ஆனாலும், அந்தத் தகப்பன் மேடையிலிருப்பவனை 'இவன் மோசமானவன்' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகவில்லை என்பதைக் கவனித்தேன். 'நியூயோர்க் தொப்பி'யைப் பார்த்த அன்று நானும் அந்த நாடகக் கொட்டகைக் கதிரையில்தான் இருந்தேன் என்பது இரவு படுத்த பிறகுதான் விளங்கிற்று.

இரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர், முதலாம் உலகப் போரை அடுத்து வந்த ஆண்டுகளில், ஒரு பரிசோதனை செய்தார் என்று படிப்பிக்கிறார்கள். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம். அதன் பக்கத்தில் ஒரு கோப்பை சூப்பை ஒட்டினால், பார்ப்பவர்கள் 'பாவம், பசி' என்றார்கள். அதே முகத்தோடு சவப்பெட்டியை ஒட்டினால் 'துக்கம்' என்றார்கள். அழகான பெண்ணை ஒட்டினால் 'ஆசை' என்றார்கள். முகம் மாறவேயில்லை. பக்கத்தில் என்னத்தை வைத்தோம் என்பதுதான் மாறியது. வாசகரே, இதைச் செய்ய இரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. கத்தரிக்கோலும் பசையும் நம் ஒவ்வொருவர் நாக்கிலும் இருக்கின்றன.

என் நாக்கு ஒட்டிய படம் ஒன்றைச் சொல்கிறேன்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்ததை இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அன்று கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், ஒரு பெண்பிள்ளையோடு தனித்துப் போனாள். ஒரு வருடத்துக்குப் பின், 2006 பெப்ரவரியிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் ஒரு முஸ்லிம் மனிதர் சைக்கிளில் அவள் வாசலுக்கு வருவார். பத்திரிகையில் சுற்றிய ஒரு பொட்டலம் கையில் இருக்கும். ஐந்து நிமிடம் நிற்பார், போவார். உள்ளே போனதில்லை. இதை நான் என் வாசலில் இருந்து கண்டேன். ஒருமுறையல்ல, பலமுறை.

ஒரு ஞாயிறு காலை பூசை முடிந்து வெளியே நிற்கையில் நாலைந்து பேரிடம் சொன்னேன்: "ஞாயிறு தவறாமல் வாறார். பொட்டலத்தோடதான் வாறார்." இவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு சொல்லும் பொய்யில்லை. எட்டாம் கற்பனையைக் கொண்டு என்னைச் சோதித்திருந்தால் நான் தலை நிமிர்ந்து நின்றிருப்பேன். விதவை, ஞாயிறு, பொட்டலம், அந்நிய ஆண். நான்கு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கொடுத்தேன். படத்தைக் கேட்டவர்கள் ஓட்டிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுகளின் நிலைமையை நீங்கள் அறிவீர்கள். யுத்தம் முடியவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்த காலம். ஒரு தமிழ் விதவையின் வாசலில் ஒரு முஸ்லிம் ஆண் நிற்கிறார் என்ற பேச்சு அன்று வெறும் வம்பல்ல, இருவருக்கும் உயிராபத்து. அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேனா என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். அப்போது யோசிக்கவில்லை என்பதே உண்மையான பதில். அது என்னைத் தப்பவைக்கும் பதிலல்ல.

2007 டிசெம்பரில் அந்த மனிதர் வருவது நின்றது. நத்தாருக்கு முன்னரே அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையின் படிப்பு வருடக் கடைசியில் அறுபட்டது. ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது என்று நினைத்தோம்.

அடுத்த மார்ச் மாதம் ஒரு நாள் அந்த மனிதர் என் வாசலில் வந்து நின்றார். கைத்தறிக்காரர். மருதமுனையில் தறி வைத்திருந்தவர். தறிகள் அத்தனையும் கடலோடு போயின. அவளுடைய முகவரி வேண்டுமென்றார். ஏனென்று கேட்டேன். சைக்கிள் பையிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து விரித்தார். அவளுடைய கணவன் கட்டாரில் மரவேலை செய்து கொண்டுவந்த பணத்தில் நாற்பதாயிரம் ரூபாவை நூல் வாங்க இவருக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார். கையெழுத்தில்லை, சாட்சியில்லை, வாய்ச்சொல் மட்டும். கொடுத்தவர் கடலில் போய்விட்டார். வாங்கியவர் பேசாமல் இருந்திருந்தால் உலகத்தில் ஒருவரும் அறிந்திருக்கப் போவதில்லை. அவரோ இரண்டு தறியைத் திரும்பப் போட்டு, கிழமைக்கு 250 ரூபாவாக 96 கிழமை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். திகதி, தொகை, திகதி, தொகை என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஞாயிறு ஏன்? மற்ற நாட்களில் அவள் கூலி வேலைக்குப் போய்விடுவாள். பொட்டலம்? தறியில் மிஞ்சிய துண்டுத் துணி, பிள்ளைக்குச் சட்டை தைக்க. ஏன் இரகசியம்? கணவனின் உறவினர் பங்கு கேட்டு வந்துவிடுவார்கள் என்று அவளே சொல்ல வேண்டாமென்றிருக்கிறாள். இன்னும் பதினாறாயிரம் பாக்கி.

கிரிபித்தின் படத்தில் கடிதம் தக்க தருணத்தில் வந்து சேருகிறது. எங்கள் ஊரில் அது மூன்று மாதம் பிந்தி வந்தது.

இப்போது உங்களில் ஒரு தாய் கேட்கக்கூடும்: "அப்படியானால் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறீரா? பிள்ளைக்கு இரகசியமாகப் பரிசு கொடுக்கும் எல்லாரும் நல்லவர்களா?" நியாயமான கேள்வி. நல்லவர் என்று நம்பப்பட்டவர்கள், கோவிலுக்குள்ளேயே இருந்தவர்கள், பிள்ளைகளுக்குச் செய்த கொடுமைகள் எத்தனை வெளியே வந்திருக்கின்றன! அங்கெல்லாம் கண்டவர்கள் பேசாமல் இருந்ததுதான் பாவமாயிற்று. இன்று ஒரு போதகரோ, குருவானவரோ, என்னைப் போன்ற வாத்தியாரோ ஒரு சிறு பெண்ணுக்கு இரகசியமாகத் தொப்பி வாங்கிக் கொடுத்தால், "ஏன்?" என்று கேட்பதே கடமை. காக்கா நாக்குச் சூ கொட்டியதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். அவருக்குக் கிடைத்த துண்டுகளைக் கொண்டு வேறு என்ன நினைப்பார்?

படத்தின் முடிவும் எனக்கு நெருடல்தான். கடிதத்தைக் காட்டித் தன் நிரபராதித்தனத்தை நிரூபித்த போதகர் அடுத்த கணமே அந்தப் பெண்ணிடம் திருமணம் கேட்கிறார், அவளும் சம்மதிக்கிறாள். காக்கா உடனே பிடித்துக்கொண்டார்: "அப்ப ஊர் சொன்னதும் முழுப் பொய்யில்லையே, மாஸ்டர்!" எனக்கு மறுமொழி வரவில்லை. மனிதனின் நோக்கம் ஒன்றே ஒன்றாக, கழுவித் துடைத்ததாக இருப்பதும் அரிது. தாயின் ஆசையை நிறைவேற்றப் போனவர் மனதில் வேறொரு சிறு ஆசையும் இருந்திருக்கலாம். கடிதமும் முழுக் கதையைச் சொல்லிவிடவில்லை.

ஆனால் ஒன்றை நான் வெகு காலம் கவனிக்காமல் விட்டிருந்தேன். அந்தச் சபை மூப்பர்களைப் பார்த்து நாம் வெறுக்க வேண்டுமென்றுதான் படம் எதிர்பார்க்கிறது. கறுத்த உடுப்பு, நீட்டிய மூக்கு, உயர்த்திய புருவம். நானும் பேரனோடு சேர்ந்து அவர்களைக் கேலி செய்தேன். அவர்கள் செய்ததென்ன? வம்பைக் கேட்டார்கள், சந்தேகப்பட்டார்கள், பிறகு போதகரின் வீட்டுக்குப் போய் அவர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதனால்தான் கடிதம் வெளியே வந்தது. கேட்டிருக்காவிட்டால் அது மேசை இலாச்சிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு முப்பது அடி இருக்கும். "தங்கச்சி, அந்த மனிசன் யார்? ஏதும் கரைச்சலா?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். ஒரு வயதான அயலவன் கேட்கக்கூடாத கேள்வியல்ல அது. உண்மையாகவே அவளுக்கு ஏதும் தொந்தரவு என்றால் அதற்கும் அந்தக் கேள்விதான் உதவியிருக்கும். நான் அந்த முப்பது அடியை நடக்கவில்லை. கோவில் வாசலுக்கு அரை மைல் நடந்து போய்ச் சொன்னேன்.

சந்தேகம் வருவது நம் கையில் இல்லை என்று ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். அதை எந்தத் திசைக்குக் கொண்டுபோகிறோம் என்பது நம் கையில் உண்டு. சம்பந்தப்பட்டவரிடம் கொண்டுபோனால் அது கேள்வி. பதிலுக்கு இடம் இருக்கிறது. சம்பந்தமில்லாதவரிடம் கொண்டுபோனால் அதே சொற்கள்தான், ஆனால் பதில் சொல்லக்கூடியவர் அந்த இடத்திலேயே இல்லை. ஊமைப் படம் ஓடிய காலத்தில் நம் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவாராம். திரையிலிருப்பவர்கள் வாயசைப்பார்கள், என்ன பேசினார்கள் என்று தீர்மானிப்பவர் அவர். கோவில் வாசலில் நான் பார்த்த உத்தியோகம் அதுதான்.

அன்று கைத்தறிக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பின்னர் ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. பதிலை எதிர்பார்க்க எனக்கு நியாயமும் இல்லை.

அவர் கேட்ட முகவரியை, கோவிலில் விசாரித்து அறிந்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிக் கொடுத்தேன். தன் கொப்பியின் கடைசிப் பக்கத்திலேயே எழுதச் சொன்னார். "காசுக்கட்டளை அனுப்ப வேணும், எழுத்து விளங்க வேணும், மாஸ்டர்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வெயில் தாழட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே என்று, என்ன பேசுவதென்று தெரியாமல், சொல்லிவைத்தேன். அவர் கொப்பியைப் பைக்குள் வைத்துச் சைக்கிளைத் திருப்பினார்.

"இல்ல மாஸ்டர். உங்கட பூசை முடிஞ்சு ஆக்கள் நிக்கிற நாளில நான் இப்ப இந்தப் பக்கம் வாறல்ல" என்றார்.